ஹெப்சியின் போஸ்டர்கள்

ஜெரால்ட் எழுந்து முகம் கழுவினான். பாலைக் காய்ச்சி மூடி வைத்தான். பிறகு ஹெப்சியின் அறைக்குள் போய், உடனே கதவைச் சாத்திக்கொண்டான்.

உலர்ந்த துணியால் ஒவ்வொரு கண்ணாடியாகத் துடைத்தான். ஈரப்பதம் காட்டும் மீட்டரைப் பார்த்தான். சட்டங்களுக்குப் பின்னால் பாச்சை உருண்டைகளை மாற்றினான். ஜன்னல் இடுக்குகளில் ஒட்டியிருந்த டேப் ஒரு முனையில் பெயர்ந்திருந்தது. அதை மட்டும் தொடவில்லை.

சுவர் முழுக்கப் பழைய சினிமா போஸ்டர்கள். ஹெப்சியின் தாத்தா எலியாஸ் டென்ட் கொட்டகை நடத்தியபோது மிஞ்சியவை. மேல் வரிசையில் தமிழ்ப் படங்கள், கீழ் வரிசையில் தெலுங்கு. கல்யாணத்தின்போது அவளுடைய டிரங்குப் பெட்டியில் மடிந்து வந்தன. எடுத்து நீவிச் சட்டம் போட்டவன் ஜெரால்ட்.

செத்துப்போன பெண்டாட்டியின் பொருளை இப்படிக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்கிறவன் உண்டா என்று அவன் வேலை பார்க்கும் அரக்கோணம் ரயில்வே ஆபீசில் பேசிக்கொள்வார்கள்.

பால் ஆறுவதற்குள் சூர்யபிரகாஷ் வந்துவிட்டார். சென்னையில் பழைய போஸ்டர்களை வாங்கிச் சேர்ப்பவர். ஊர் முருகன் கோயிலின் ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் காரை பைபாஸிலேயே விட்டுவிட்டு, வேர்த்து நனைந்து நடந்து வந்திருந்தார்.

ஒரு சட்டத்தைக் கழற்றிப் பின்பக்கம் பார்த்தார். “அட்டையில ஒட்டலயா?”

“இல்ல சார். மேல மட்டும் மெல்லிசு பேப்பர் பட்டையில தொங்குது. கோதுமைப் பசை. தண்ணி தொட்டா வந்துடும்.”

“எங்கயும் ஃபெவிக்கால ஊத்தி அப்பிடுவானுங்க.” சிரித்தார். “மூலையில ‘இன்றே கடைசி’ சீட்டுகூட அப்டியே இருக்குது. கலர் துளி போவல. காத்துகூட உள்ள நுழையாது போலருக்கே.”

“நுழையாது” என்றான் ஜெரால்ட்.

தரையில் கட்டில் கால்கள் அழுந்திய தடங்கள் இருந்தன. சூர்யபிரகாஷ் அவற்றைப் பார்த்தார். “இங்கதான் படுக்கறதா?”

“முன்ன. இப்ப ஹால்ல.”

“சரி. எல்லாத்தயும் எடுத்துக்கறேன். நாளைக்கு வண்டி வரும்.”

ஜெரால்ட் தலையாட்டினான். அரக்கோணத்தில் வாடகைக்கு வீடு பார்த்தாயிற்று. இரண்டு பக்கமும் ஜன்னல் வைத்த வீடு. இந்தச் சட்டங்கள் போய்விட்டால் இந்த அறையைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விடலாம். அவனுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

வாசலில் செருப்பு கழற்றும் சத்தம் கேட்டது. மாமியார் பிரேமகுமாரி. கே.ஜி.கண்டிகையிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்திருக்க வேண்டும்.

“மாப்ள, இவரு யாருங்க?”

“போஸ்டர் வாங்க வந்திருக்காரு அத்த.”

அவள் பையைக் கீழே வைத்தாள். “எம் பொண்ணு போயி ஒரு வருசம் ஆவல. இன்னைக்கு போஸ்டரு. அடுத்த வாரம் வந்தா அவ போட்டோவயும் எடைக்குப் போட்டுகினு இருப்பீங்களா?”

“நான் வீடு மாத்தறேன் அத்த.”

“மாத்துங்க. வேணான்னு யாரு சொன்னது? இதுங்களயும் எடுத்துகினு போங்க.”

அவள் சூர்யபிரகாஷிடம் திரும்பினாள். “சார், நீங்களே கேளுங்க. சின்னதுலருந்தே வீசிங் இருந்த பொண்ணு. போன ஐப்பசி மழையில, ஆட்டோ வர்றதுக்குள்ள, இதே ரூம்ல போயிட்டா. அந்த நேரத்துலகூட பெத்தவள கேக்கல. இவரதான் பாவான்னு கூப்டுவா. ‘பாவா, போஸ்டருங்கள பத்திரமா பாத்துக்கோ’ன்னு சொல்லிட்டு கண்ண மூடிட்டா. அடக்க ஆராதனையில ஐயரு அத பிரசங்கத்துல சொன்னாரு. சர்ச்சே அழுதுச்சு.”

சூர்யபிரகாஷ் சட்டத்தை மெதுவாக மறுபடி சுவரில் மாட்டினார்.

“மன்னிச்சுக்கங்கம்மா. இது எனக்குத் தெரியாது.” ஜெரால்டைப் பார்க்காமலே படியிறங்கிப் போனார்.

சாவு வீட்டில் சர்ச் ஐயர் கேட்பது வழக்கம்தான். அன்றும் அவன் தோளில் கைவைத்து, தங்கச்சி கடைசியா என்னப்பா சொன்னாங்க என்று கேட்டார். எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டே அவன் பதில் சொன்னான்.

பிரேமகுமாரி அறைக்குள் போய் ஒவ்வொரு சட்டத்தையும் எண்ணுவதுபோல் பார்த்தாள். ஜன்னலருகே நின்றாள்.

“பாருங்க, டேப்பு வுட்டுகினு வருது. ஒரு மழ பேஞ்சா சாரல் உள்ள வந்துடும்.” கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்து ஒட்டினாள். “நா உசுரோட இருக்கறவரைக்கும் இந்த ஜன்னல ஒருத்தரும் தொட வுடமாட்டேன்.”

பிறகு அவன் பக்கம் திரும்பினாள். குரல் தணிந்திருந்தது. “இன்னொரு வாட்டி சொல்லுங்க மாப்ள. அவ சொன்ன மாதிரியே.”

ஜெரால்ட் சொன்னான். ஐயரிடம் சொன்ன அதே வார்த்தைகள். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவள் போன அன்று காலையில்தான் அறையில் பூச்சி மருந்து அடித்திருந்தான். வெளியே மழை பிடித்துக்கொண்டது. ஈரக்காற்று பட்டால் காகிதம் நெளிந்துவிடும். ஹெப்சி கட்டிலில் எழுந்து உட்கார்ந்து கையை நீட்டினாள். போஸ்டரைப் பற்றி அவள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

“பாவா, ஜன்னல தொற.”