நாற்பத்தொன்றாம் நம்பர் ஸ்டிக்கர்

ஆறு போர்டுகள். ஆறிலும் நாற்பத்தொன்றாம் நம்பர் ஸ்டிக்கர். செய்தவர் நம்பரை ஒட்டுவது அங்கே வழக்கம்; இது மாலதியின் நம்பர்.

கழித்துப்போட்ட சரக்கு இருக்கும் அலமாரியிலிருந்து அவற்றைப் பொறுக்கி எடுத்தாள் பிரகதீஸ்வரி. கைக்குட்டையில் சுற்றிக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டாள்.

செங்கிப்பட்டி சாலையில் அந்தத் தொழிற்சாலை வந்து நாலு வருடம் ஆகிறது. சார்ஜருக்குள் இருக்கும் போர்டு செய்து போலந்துக்கு அனுப்புகிறார்கள். இந்த வருடம் ஆர்டர் இரண்டு மடங்கு. பொங்கல் கழித்துப் புது லைன் போடுகிறார்கள். அதற்கு லீடர் மாலதிதான் என்று காலையிலிருந்து பேச்சு.

டீ நேரத்தில் ரிஃப்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"என்னடி, மூஞ்சி வேகாத சோறு மாதிரி இருக்கு?"

"நான் டிப்ளமோ. முதல் பேட்ச். அவ வந்து ஒன்றரை வருஷம்தான் ஆகுது."

"அவளுக்குக் கை வேகம்."

"இருக்காதா? எங்க வயல்ல நாத்து நட்ட கைதானே. அவளும் அவ அம்மாவும் எங்க வரப்புல நின்னு கூலி வாங்கினவங்க. நாளைக்கு அவ எனக்கு வேலை சொல்லணுமா?"

பேச்சு வேகத்தில் முழங்கை இடித்தது. ரிஃப்காவின் டீ சிந்தியது.

"இடது கைக்காரி பக்கத்துல உட்கார்ந்தா டீ எனக்கில்ல, என் கோட்டுக்கு" என்று நகர்ந்தாள் ரிஃப்கா. "எழுதுறதும் அந்தக் கை, இடிக்கிறதும் அந்தக் கை. அதான் லைன்ல உன்னைக் கடைசியில போட்டிருக்காங்க."

பிரகதீஸ்வரி சிரிக்கவில்லை.

"பாவம்டி மாலதி. கார்த்திகை மழையில உங்க சம்பா முழுகிச்சே, அந்த வாரம் நீ உட்கார்ந்த இடத்துலயே தூங்கி வழிஞ்ச. உன் ட்ரேக்கும் சேர்த்து அவதானே ஸ்டிக்கர் ஒட்டினா?"

"சார் பார்க்கட்டும்னு ஒட்டினா. நல்ல பேர் வாங்குறதுக்கு ஒரு வித்தை."

டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள்.

உற்பத்தி மேலாளர் இராஜாங்கம் கண்ணாடி அறையில் தனியாக இருந்தார். கைக்குட்டையை அவர் மேஜையில் பிரித்தாள்.

"யாரையும் குறை சொல்ல வரல சார். வெளிநாட்டுக்குப் போற சரக்கு. கம்பெனி பேர் கெடக்கூடாதுன்னுதான்."

அவர் ஒரு போர்டை எடுத்துத் தேதியைப் பார்த்தார்.

"இதெல்லாம் போன மாசம் மழை வாரத்துல செஞ்சு திரும்பினதும்மா. அப்பவே மாலதிக்கு மெமோ கொடுத்தாச்சு. வாயைத் திறக்காம வாங்கிட்டுப் போச்சு."

மெமோ. இது பிரகதீஸ்வரிக்குத் தெரியாது. மனசு குளிர்ந்தது.

"மெமோ வாங்கினவளை லீடர் ஆக்கினா மத்தவங்க என்ன சார் நினைப்பாங்க? அதே வாரம்தான் எங்க வயல் முழுகுச்சு. மூணு ராத்திரி அப்பாவோட நின்னு தண்ணி வடிச்சுட்டு வந்து உட்கார்ந்தேன். அப்பவும் என் நம்பர்ல ஒண்ணுகூடத் திரும்பல. வேணும்னா எடுத்துப் பாருங்க."

இராஜாங்கம் லென்ஸை எடுத்தார். ஆறு போர்டுகளையும் ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பத்த வச்ச இடத்துல ஈயம் இழுபட்டு வால் விட்டிருக்கு."

"ஆமா சார். கை நிதானமில்லன்னா அப்படித்தான்."

"அது சரி. வலது கைக்காரங்க பத்த வைக்கிற அயர்னை இழுத்தா வால் வலது பக்கம் சாயும். இது ஆறுமே இடது பக்கம் சாஞ்சிருக்கே."

பிரகதீஸ்வரி மேஜையைப் பார்த்தாள். இடது கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டாள்.

அவர் ஆளனுப்பி மாலதியைக் கூப்பிட்டார்.

மாலதி வந்தாள். மேஜையில் கிடந்த போர்டுகளைப் பார்த்தாள். பிரித்துக் கிடந்த கைக்குட்டையைப் பார்த்தாள். யாருடைய கைக்குட்டை என்று அவளுக்குத் தெரியும்.

"இது யார் செஞ்சதும்மா?"

"நான்தான் சார். என் நம்பர்தானே இருக்கு."

"நீ வலது கைதானே?"

"அந்த வாரம் சோறு வடிக்கையில கையில கஞ்சி கொட்டிடுச்சு சார். இடது கையால செஞ்சேன்."

அந்த வாரம் முழுக்கப் பிரகதீஸ்வரியின் பக்கத்து இருக்கையில் மாலதியின் வலது கை ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஒரு கொப்புளம்கூட இல்லை. நீ கண்ணை மூடிக்கக்கா, நான் ஒட்டறேன் என்று அந்தக் கைதான் இரண்டு ட்ரேக்கும் ஸ்டிக்கர் ஒட்டியது. பிரகதீஸ்வரி செய்ததில் சரியாக வந்ததற்கெல்லாம் பிரகதீஸ்வரியின் நம்பர். வால் விட்டதற்கு நாற்பத்தொன்று.

"சரி" என்றார் இராஜாங்கம். "நீயே ஒத்துக்கிட்டா, புது லைனை நான் உன்கிட்ட எப்படிக் கொடுக்குறது?"

மாலதி அந்தக் கைக்குட்டையை மடித்து ஓரமாக வைத்தாள்.

"அக்காவுக்கே கொடுங்க சார். படிச்சவங்க." பிறகு குரலைத் தணித்துச் சொன்னாள்: "இந்த வருஷம் அவங்க வயல்ல ஒரு மணிகூடத் தேறல."

இராஜாங்கம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். இழுப்பறையிலிருந்து புது லைன் லீடருக்கான தாளை எடுத்து மேஜையில் வைத்தார். பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினார்.

"பிரகதீஸ்வரி, பேரை எழுதிக் கையெழுத்துப் போடும்மா."

பேனாவை எந்தக் கையால் வாங்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை.