பாட ஒருவர், தாளத்துக்கு ஒருவர்

ஆரோகணம் என்றால் ஸ்வரங்கள் இறங்குவது என்றாள் மகள்.

கையில் கரண்டியோடு சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தேன். போன வாரம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சரியாகச் சொன்னவள். ஏறினால் ஆரோகணம், இறங்கினால் அவரோகணம் என்று திருத்தினேன். பரீட்சைப் பயம் வந்துவிட்டால் படித்ததெல்லாம் பறந்துவிடும் போலிருக்கிறது.

அடுத்தது ஆதி தாளம். ஏழு எண்ணிக்கை என்றாள்.

கூடத்தில் நாளிதழுக்குப் பின்னாலிருந்து அவள் அப்பா இருமினார். எட்டு என்று அவருக்கும் தெரியும். ஆனால் வாயைத் திறக்கவில்லை. நான்தான் இருக்கிறேனே.

திங்கட்கிழமையிலிருந்து நாங்கள் பேசிக்கொள்வதில்லை. என்னை ஒரு வார்த்தை கேட்காமல் என் தையல் மெஷினை வேனில் ஏற்றிப் போய் நாத்தனாரிடம் கொடுத்துவிட்டு வந்தார். ஊரார் சாமானை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பது அவர் வேலை. அதற்காகச் சொந்த வீட்டுச் சாமானையுமா?

அன்றிலிருந்து, சாப்பாடு தயார் என்பதைக்கூட மகளிடம்தான் சொல்லி அனுப்புகிறேன். உண்மையைச் சொன்னால் எனக்கு அலுத்துவிட்டது. பேச மாட்டோமா என்றிருந்தது. ஆனால் முதலில் பேசுகிறவர் தோற்றவர் ஆயிற்றே. அவருக்கும் அதே வீம்பு.

கேட்டால்தான் மண்டையில் ஏறும் என்று மகள் அடம்பிடித்தாள். அப்பா பாட வேண்டுமாம், அம்மா தாளம் போட வேண்டுமாம். அவருக்குக் குரல் உண்டு, தாளம் நிற்காது. எனக்குத் தாளம் நிற்கும், பாடினால் அக்கம்பக்கத்தில் ஜன்னலைச் சாத்துவார்கள்.

பிள்ளையின் மார்க் விஷயம். முகத்தைப் பார்க்காமல் மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தோம்.

ஒரு தட்டு, மூன்று விரல். பிறகு தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. நான் ஐந்தாவது எண்ணிக்கைக்கு வருவதற்குள் அவர் ச, ரி, க, ம என்று ஏறி உச்சியில் போய் நின்றுகொண்டார்.

மறுபடியும் அப்படியே. அதற்கடுத்த முறை என்னால் பொறுக்க முடியவில்லை.

"கொஞ்சம் மெதுவாத்தான் போங்களேன். யாரு துரத்துறா?"

அவர் நிறுத்தினார். மகள் மூச்சே விடவில்லை.

"சரி, நீ போடு. நான் பின்னாடியே வரேன்."

இந்த முறை இருவரும் ஒன்றாக எட்டில் போய்ச் சேர்ந்தோம். சிரிப்பு வந்துவிட்டது. யார் முதலில் சிரித்தது என்று பார்க்கத் தோன்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை மெஷினை எடுத்து வந்துவிடுவதாகச் சொன்னார். நாத்தனார் பாவம், தைத்து முடிக்கட்டும், அவசரமில்லை என்றேன்.

நாளைக்கு இசைப் பரீட்சையைப் பதறாமல் எழுது என்று மகளிடம் சொன்னேன்.

அது நேற்றே முடிந்துவிட்டதாம். நன்றாகவே எழுதியிருக்கிறாளாம். வீம்பு பிடிப்பதிலேயே மும்முரமாக இருந்த இரண்டு பேரும் தேதியைக்கூடக் கவனிக்கவில்லை.

அவள் எழுந்து பையைத் திறந்தாள்.

"நாளைக்குக் கணக்கும்மா. இனிமேதான் புத்தகத்தையே தொடணும்."