தூசு படாத பத்து நாள்

“இன்னும் பத்து நாளைக்கு நீ இந்த ரூம் பக்கமே வரக் கூடாது செல்வம்” என்றார் முனவர் பேகம்.

செல்வம் பதில் சொல்ல வாயைத் திறந்தான். தும்மல்தான் வந்தது. அடுத்தடுத்து ஏழு.

ஓசூரில் அந்த அரசு அலுவலகத்தின் ரெக்கார்டு ரூமுக்கு அவர்தான் பொறுப்பு. செல்வம் நான்கு வருடமாக அவருக்குக் கீழே தற்காலிக ஊழியன். கூரை வரை அடுக்கிய பழைய கோப்புக் கட்டுகளை இறக்கி, தூசு தட்டி, தேடிக் கொடுத்தே நெஞ்சில் விசில் சத்தம் வந்துவிட்டது. இப்போது வேலை நிரந்தரமாகப் போகிறது. டாக்டர் உடல்தகுதிச் சான்று கொடுத்துவிட்டால் போதும்.

“விசில் கேட்டா அன்ஃபிட்டுனு எழுதிருவாங்க மேடம். ஊத்தங்கரைல எங்கம்மா அதுக்குள்ள ஊர் பூரா சொல்லிருச்சு.”

“அதுக்குத்தான் சொல்றேன். மாடில தபால் செக்‌ஷன்ல போய் உக்காரு. ஆபீசர்கிட்ட நான் பேசிக்கறேன். சாயந்திரம் ஆவி புடி. இன்ஹேலரை மறக்காத.”

“கட்டெல்லாம் யாரு இறக்குவாங்க? உங்களுக்கே இருமல் நிக்கல.”

“நான் பாத்துக்கறேன், போ.”

ஐம்பத்து நான்கு வயதில் அவரே ஏணியில் ஏறி இறங்கினார். முகத்தில் துணியை இரண்டு சுற்று சுற்றிக் கட்டியும், தினமும் மாலையில் கண் சிவந்து, குரல் கம்மிப் போயிருந்தது. தனக்காக ஒருவர் இவ்வளவு பாடுபடுகிறாரே என்று செல்வம் அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னான்.

பத்து நாள் கழித்து டாக்டர் நெஞ்சிலும் முதுகிலும் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துப் பார்த்தார். சத்தமில்லை. சான்று கிடைத்தது. மறுவாரம் ஆணையும் வந்தது. கவரைப் பிரித்தும் பிரிக்காமலும் கீழே ஓடிவந்தான்.

“பர்மனென்ட் ஆயிருச்சு மேடம். நீங்க இல்லன்னா நடந்திருக்காது.”

“எந்த சீட்டுன்னு பாத்தியா?”

பார்த்தான். ரெக்கார்டு ரூம் பொறுப்பாளர் என்று இருந்தது.

“இது உங்க சீட்டாச்சே?”

முனவர் பேகம் அலமாரிச் சாவிகளை அவன் கையில் வைத்தார். அவன் முகத்தைப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

“எனக்கு மத்திகிரிக்கு ட்ரான்ஸ்ஃபர் போட்டு பத்து வருஷம் ஆச்சு செல்வம். இந்த சீட்டுக்கு பர்மனென்ட்டா ஆள் வந்தாத்தான் விடுவோம்னுட்டாங்க. உனக்கு முன்னாடி இங்க இருந்த மூணு பேருமே டாக்டர்கிட்ட தேறல.”