ஒட்டாத மண்

மண் ஒட்டவில்லை.

சின்னையா இன்னொரு முறை ஓங்கி வெட்டினான். பாலிக் புலாவ் ஊர்த் தோட்டத்தில் மழையில் ஊறிய களிமண், மண்வெட்டித் தகட்டின் மேல் ஒரு கணம் உட்கார்ந்து, தானே வழுக்கி விழுந்தது.

தகடு முழுவதும் மிளகளவில் சின்னச் சின்னப் புடைப்புகள். சாண வண்டின் தலை அப்படித்தான் இருக்குமாம். நாளெல்லாம் சேற்றைக் குடைந்தாலும் அதன் மேல் ஒரு பொட்டு அழுக்கு நிற்காதாம். கல்லூரியில் பாடம் நடத்தும் ஸ்ரீஸ்கந்தராஜா சார் சொன்னது. ஜுருவில் சின்னையா வேலை செய்யும் இரும்புப் பட்டறைக்கு வந்து, இந்த மண்வெட்டியைச் செய்யக் கொடுத்தவரும் அவர்தான்.

"அந்த வண்டு எந்தக் காலேஜ்ல படிச்சிச்சு சார்?" என்று அன்றைக்கு அவன் கேட்க, சார் விழுந்து விழுந்து சிரித்தார்.

வெட்டிப் பார்க்க ஆள் வேண்டும் என்றதும், தானே வருவதாகச் சொன்னான். ஏன் என்று சொல்லவில்லை.

ஏழு மாதங்களுக்கு முன், இந்தத் தோட்டங்களுக்கு அப்பால், குழாய் புதைக்கத் தோண்டிய பள்ளம் சரிந்து தங்கை லெட்சுமியின் புருஷன் வேலுவை மூடியது. உடன் வேலை செய்த ஆறு பேரும் வெட்டினார்கள். மூன்று வெட்டு வெட்டுவார்கள். நின்று, தகட்டில் அப்பிய மண்ணைக் குச்சியால் வழிப்பார்கள். மறுபடி மூன்று வெட்டு.

வெளியே எடுத்தபோது உடம்பில் இன்னும் சூடு இருந்தது.

எந்த மண்வெட்டியாலும் நேரத்தோடு எடுத்திருக்க முடியாது. அந்த ஒரு நினைப்பில்தான் அவன் இத்தனை நாள் தூங்கினான். இன்றும், ஒட்ட வேண்டும் என்று வேண்டிக்கொண்டேதான் வெட்டினான்.

இருபது வெட்டு. ஒரு முறைகூட வழிக்க வேண்டியிருக்கவில்லை.

சார் இரண்டாவது மண்வெட்டியை நீட்டினார். இது புடைப்பு இல்லாதது, முகம் தெரியும்படி மெருகேற்றியது. மூன்றாவது வெட்டிலேயே களிமண் அதை முழுக்கக் கவ்விக்கொண்டது.

"பாத்தீங்களா சின்னையா! வழவழன்னு இருந்தாத்தான் ஒட்டுது. எல்லாரும் தலைகீழா நெனைச்சிக்கிட்டு இருக்கோம் லா!"

சார் நோட்டைத் திறந்து வேகவேகமாக எழுதினார்.

சின்னையா குச்சியைத் தேடவில்லை. மண்ணோடு கனத்த மண்வெட்டியைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றான்.

வேலுவின் கருமாதி அன்று லெட்சுமி அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"அதுக்கு முந்தின ஞாயித்துக்கெழமதானே அண்ணே, அவரோட வேல செஞ்சவங்க மண்வெட்டி ஆறையும் வாங்கிட்டுப் போயி பளபளன்னு தேச்சிக் கொடுத்தீங்க. அதனாலதான் அவரு முகத்தையாவது பாத்தேன்."