அவித்த முட்டை

பிலோமினாவுக்கு நாற்பத்தொரு வயது. ஒரு முட்டையை உரிக்க அவளுக்குக் கால் மணி நேரம் ஆகும். வீட்டோடு இருந்து அவளைக் கவனித்துக்கொள்ள ஒருத்தியைத் தேர்ந்தெடுக்கும் நாள் அது. பயிற்சி மையத்து மேற்பார்வையாளர், வருகிற ஒவ்வொருத்திக்கும் ஒரு மதிப்பெண் தாளோடு உட்கார்ந்திருந்தார். பயிற்சி முடித்த மூன்று பெண்கள் ஒவ்வொருத்தியாக உள்ளே வந்தார்கள்.

முதலாமவள், "குடு பாப்பா, நான் உரிச்சுத் தாரேன்" என்று பிலோமினாவின் கையிலிருந்த முட்டையை வாங்கி நொடியில் உரித்து நீட்டினாள். "நீயே தின்னு" என்றாள் பிலோமினா. இரண்டாமவளுக்கும் அதே கதி. மேற்பார்வையாளர் இருவருக்கும் பத்துக்குப் பத்து போட்டார்.

மூன்றாவதாக வந்த முத்துப்பேச்சி, தானும் ஒரு முட்டையை எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்து உரித்தாள். "உப்பு இருக்காக்கா?" என்றாள். பிலோமினா எழுந்து போய் உப்புக் கிண்ணத்தை எடுத்துவந்தாள்.

"உதவவே இல்லையே" என்று மேற்பார்வையாளர் பூஜ்ஜியம் போட்டார்.

பிலோமினா அந்தத் தாளைத் தன் பக்கம் இழுத்தாள். அடியில் அவளுடைய சம்மதத்துக்கென்று ஒரு கட்டம் இருந்தது. கைநாட்டுக்காக அவர் நகர்த்திய மைப்பெட்டியைத் தள்ளிவிட்டுப் பேனாவை எடுத்தாள். 'பி' போட்டு முடிக்கவே ஒரு நிமிடம் ஆனது.

"குடும்மா, நான் எழுதிடுறேன்" என்று அவர் கையை நீட்டினார்.

முட்டையோட்டுத் தூள் ஒட்டிய விரல்களால் முத்துப்பேச்சி அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். பிலோமினாவின் பெயரில் இன்னும் மூன்று எழுத்துகள் பாக்கியிருந்தன. முத்துப்பேச்சி பிடியை விடவில்லை.