எடுத்துக் கொடுக்கிற வேலை

“செத்து ஒரு வாரமாச்சு. அதுகூடத் தெரியாம தேடிக்கிட்டு வர்றாரு பாருங்க,” என்றாள் அவள், பக்கத்து மேஜைக் கணக்கரிடம், உதட்டை அசைக்காமல்.

செத்தது ஆள் இல்லை, ஒரு தீர்ப்பு. தேடி வந்தவர் அந்தச் சட்ட அலுவலகத்தின் பெரிய வக்கீல். அவள் அங்கே நூலகர்.

“கெடு தாண்டின அப்பீலையும் ஏத்துக்கணும்னு ஒரு தீர்ப்பு இருக்குமே, அதுல ஒரு காப்பி எடும்மா. உடனே கோர்ட்டுக்குப் போகணும்,” என்றார் வக்கீல், கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வக்கீல் செய்த தவறுக்குக் கட்சிக்காரரைத் தண்டிக்கக் கூடாது என்று சொன்ன தீர்ப்பு அது. கறுப்புக் கோட்டு மாட்டிய எல்லாருக்கும் மனப்பாடம். போன வாரம்தான் அதைவிடப் பெரிய அமர்வு ஒன்று அது செல்லாது என்று சொல்லிவிட்டது. வாராவாரம் அவள் வக்கீல்களுக்கு அனுப்பும் புதுத் தீர்ப்புக் குறிப்பில் அதுதான் முதல் வரி. இவர் அதைத் திறந்து படித்திருந்தால் சூரியன் மேற்கே உதித்திருக்கும்.

எந்தத் தீர்ப்பை எடுத்துக் கொடுத்தாலும் அது இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுப்பதுதான் சட்ட நூலகரின் அரிச்சுவடி. அதே விஷயத்துக்கு, இன்றைக்கும் செல்லுபடியாகும் வேறொரு தீர்ப்பு அவள் விரல் நுனியில் இருந்தது. ஆனால் போன மாதத்திலிருந்து அவளுக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது.

சட்ட நூலகர்களுக்கான பயிற்சி முகாம் ஒன்றுக்குப் போக அனுமதி கேட்டிருந்தாள். புதிய தேடுதளங்கள், தீர்ப்புகளைச் சரிபார்க்கும் முறைகள் என்று உருப்படியான முகாம். இந்த மனுஷன்தான் அலுவலகக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் சிரித்தார். “புத்தகம் எடுத்துக் குடுக்கிற வேலைக்கு எதுக்கும்மா பயிற்சி? ஏணி ஏறக் கத்துக் குடுக்கப் போறாங்களா?” சுற்றி இருந்த ஜூனியர்கள் வாங்குகிற சம்பளத்துக்குக் குறைவில்லாமல் சிரித்தார்கள்.

எடுத்துக் கொடுக்கிற வேலைதானே, எடுத்துக் கொடுத்துவிடலாம் என்று அச்சு இயந்திரத்தைத் தட்டினாள். மேஜைமேல் அவள் கைப்பேசி அதிர்ந்தது. தங்கை. காலையிலிருந்து இது இரண்டாவது தடவை. இந்த நேரத்தில் யார் பேசுவது என்று துண்டித்துவிட்டு, சூடு ஆறாத தாள்களைப் பவ்யமாக நீட்டினாள்.

வாசல்வரை போனவர் திரும்பினார். “வேற ஏதாவது பாக்கணுமாம்மா?”

“நீங்க கேட்டது இதுதானே சார்.”

அவர் போனதும் கணக்கர் கண்ணாடியைக் கழற்றினார். “சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? பாவம்.”

“யாரு, அவரா பாவம்? ஜட்ஜ் முன்னால நல்லா முகத்துல கரியப் பூசிக்கிட்டு வரட்டும். அப்பத்தான் ஏணி ஏறுறவளோட அருமை தெரியும்.”

“அவரை யாரு சொன்னா? அவரை நம்பி ஒரு ஜீவன் வந்திருக்கும்ல.”

“இந்த ஆளை நம்பி வந்ததே அந்த ஜீவன் பண்ணின தப்பு. அனுபவிக்கட்டும்.”

அதைத்தான் அவள் தங்கையிடமும் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். தங்கைக்கும் பிரிந்துபோன கணவனுக்கும் வழக்கு, அஞ்சு வயதுப் பிள்ளை யாரிடம் வளர்வது என்று. கீழ்க்கோர்ட் அப்பனிடம் கொடுக்கச் சொல்லிவிட்டது. “எங்க ஆபீஸ் ஆளுங்க பக்கம் தலைவெச்சுக்கூடப் படுத்துடாத. கோட்டு மட்டும்தான் இருக்கும், உள்ள சரக்கு இருக்காது.” தங்கையும் தலையாட்டினாள். பழைய வக்கீல் சரியில்லை, மாற்றிவிட்டேன் என்று மட்டும் சமீபத்தில் சொன்னாள். புது வக்கீல் யார் என்று கேட்டதற்கு, “நல்ல ஆளுதான்க்கா,” என்று பேச்சை மாற்றிவிட்டாள்.

மதியம் முழுக்க அவளுக்கு ஏக குஷி. நீதிபதி மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்ப்பதும், எதிர்த்தரப்பு நமட்டுச் சிரிப்புச் சிரிப்பதும், பெரிய வக்கீல் எச்சில் விழுங்குவதும் கண்முன் ஓடின. தேநீரை இரண்டு தடவை வாங்கிக் குடித்தாள்.

சாயங்காலம் தங்கை மறுபடி கூப்பிட்டாள். அழுகைக்கு நடுவே வார்த்தைகள் துண்டு துண்டாக வந்தன.

“தள்ளுபடி பண்ணிட்டாங்கக்கா. புள்ளையக் கொண்டுபோய் அவர்கிட்ட விட்டுடணுமாம்.”

“ஏன்டி? என்ன ஆச்சு?”

“பழைய வக்கீல் நேரத்துக்கு அப்பீல் போடாம விட்டுட்டாரு. நீ திட்டுவேன்னு சொல்லல. புது வக்கீல் சமாளிச்சிடலாம்னாரு. ஆனா அவர் காட்டின தீர்ப்பு இப்போ செல்லாதாம். இதுகூடப் பாக்காமலா வந்தீங்கன்னு ஜட்ஜ் அவரைப் பிடிபிடின்னு பிடிச்சிட்டாரு.”

அவளுக்கு ரத்தம் கொதித்தது. ஊரில் இன்னும் எத்தனை பெரிய வக்கீல்கள்தான் இப்படி! வாரக் குறிப்பைப் படிக்காதவன், படித்தவளையும் மதிக்காதவன். எல்லாரும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள். கடைசியில் தன் வீட்டுப் பிள்ளை தலையிலேயே ஒருத்தன் கைவைத்துவிட்டான்.

“எந்த மடையன்டி அவன்? கோர்ட்டுக்குப் போறதுக்கு முன்னால லைப்ரரியில ஒரு வார்த்தை கேக்கத் தெரியாது?”

தங்கை மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

“கேட்டாராம்க்கா. நீதான் எடுத்துக் குடுத்தியாம்.”