போயிட்டு வரேன்

வால்பாறை மலையில் மூடுபனி அப்பிக்கிடந்தது. சின்ன விமானம் தானாகவே கீழே இறங்கிக்கொண்டிருக்க, பைலட் எழிலி கைகளை மடியில் வைத்திருந்தாள். பக்கத்தில் ஆமோஸ், பிரசவத்தில் போராடும் மனைவிக்கான ரத்தப் பெட்டியைக் கட்டிப்பிடித்திருந்தான்.

கடைசி எல்லை உயரம் வந்தது. அதற்குக் கீழே, ஓடுபாதை தெரிந்தால்தான் இறங்கலாம். பனியில் எதுவும் தெரியவில்லை.

"போயிட்டு வரேன்" என்றது விமானம். மூக்கைத் தூக்கி மேலே ஏறியது.

"எங்க மேடம் போவுது? அவ அங்க துடிச்சிட்டு கெடக்கறா! நீங்க எறக்குங்க!"

எழிலிக்கும் பொறுக்கவில்லை. வலப்பக்கம் நீளமாக ஒரு சாம்பல் கோடு தெரிந்தது. ஓடுபாதையேதான், சத்தியம் செய்வாள். விமானத்தைத் தன் கைக்கு மாற்றும் பொத்தானில் விரலை வைத்தாள்.

பனி ஒரு கணம் விலகியது. அது தேயிலைச் சரிவில் வளைந்து இறங்கும் எஸ்டேட் ரோடு.

விரலை எடுத்துக்கொண்டாள்.

விமானம் ஒரு சுற்றுச் சுற்றி வந்தது; இந்த முறை ஓடுபாதை தெரிய, பூப்போல இறங்கியது. ஆமோஸ் சொல்லிக்கொள்ளக்கூட நிற்காமல் ஆம்புலன்ஸுக்கு ஓடினான்.

எழிலி அந்தப் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அதை அழுத்தியிருந்தால், விமானம் சொன்னதில் 'போயிட்டு' மட்டும்தான் பலித்திருக்கும்.